பங்கு நான்கு

காலை ஏழு மணிக்கு, காபி ஆற்றும் நேரத்தில், திருச்சியில் எல்லா வீடுகளிலும் ஒரே கேள்விதான் கேட்கப்படும். அரசப்பன் வீட்டில் அதைக் கேட்பவர் அவர் மனைவி கனகவல்லி.

"இடது மணிக்கட்டு. யாரோடது?"

"எனக்கும் வலிக்குது. ஆனா என்னோடது இல்ல அண்ணி," என்றான் அரசப்பனின் தம்பி சிவநேசன்.

"என்னோடதுதான். கையை மடக்கி வெச்சுப் படுத்துட்டேன்," என்றார் அரசப்பன். அது பொய்.

வலியைப் பங்கு போட்டுக்கொள்ளும் சட்டம் வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. எல்லோருக்கும் காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு கருவி உண்டு. உடம்பில் எங்கே வலித்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். இது உடல்வலை; ஒருவர் தோலோடு முடிந்துவிடும். ஒரு வீட்டுக்காரர்களை ரௌட்டர், அதாவது வலைப்பெட்டி, ஒன்றாகச் சேர்த்தால் மனைவலை. அது வீட்டுச் சுவரோடு முடியும். பெட்டியில் எத்தனை பெயர் உண்டோ, வலி அத்தனை பங்காகப் பிரியும். ஊரையே சேர்க்கும் நகர்வலையைப் பெரிய விபத்து நடந்தால் மட்டும் திறப்பார்கள். அன்று லட்சம் பேருக்குக் கொசு கடித்த மாதிரி இருக்கும். ஊரையும் ஊரையும் இணைப்பது பெருவலை. அதில் செய்தி போகலாம், வலி போகக் கூடாது.

பெருவலை அலுவலகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கும் அரசப்பன், இதைப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பாடமாகவே சொல்லிக்கொடுத்தவர். இந்தச் சட்டத்தால் வந்த பெரிய நன்மை எது என்று கடைசியில் பெருமையாகக் கேட்பார். வீட்டுக்குள் அடிதடி ஒழிந்தது. அடித்தவனுக்கும் வலிக்கும் என்றால் எவன் கை ஓங்குவான்?

தாலி கட்டி முடித்ததும் பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்துப் புகுந்த வீட்டுப் பெட்டியில் போட வேண்டும். எடுப்பவர் பெண்ணின் அப்பா. எட்டு மாதத்துக்கு முன்னால் மகள் நிறைமதியின் கல்யாணத்தில் அரசப்பன் எடுக்கிற மாதிரி பாவனை செய்தாரே தவிர எடுக்கவில்லை. அது போதாதென்று, கரூரில் இருக்கும் அவளுக்கும் தன் வீட்டுப் பெட்டிக்கும் நடுவே பெருவலையில் ஒரு திருட்டுத்தடமும் போட்டுவைத்தார். பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. ஒரே மகள், மனசு கேட்கவில்லை.

முதலில் சில்லறை வலிகள்தான் வந்தன. அடுப்புச் சூடு, தலைவலி. அவள் பக்கத்திலேயே இருப்பது போலிருக்கும். சந்தோஷமாகவே 'என்னோடது' என்பார். இரண்டு மாதமாக மணிக்கட்டும் முதுகும் தோளும் மாறி மாறி வலித்தன. புது வீட்டில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவர் தன்னுடையது என்றதால் வேறு யாரும் யோசிக்கவும் இல்லை.

அன்று காபியைக் கையில் எடுத்தபோது இடது காது மடலில் ஒரு கிள்ளு விழுந்தது. உடனே இன்னொன்று.

கனகவல்லி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அடுத்த அறையிலிருந்து கத்திக் கூப்பிடுவதில்லை. ஆளுக்கு ஒரு கிள்ளு வைத்திருப்பார்கள். காது மடலில் இரண்டு தடவை என்றால் அது நிறைமதி. 'அம்மா, இங்க வா' என்று அர்த்தம்.

"பொண்ணு பேரை நீங்க எடுக்கலையா?"

"எடுக்கல."

"உங்களோடதுன்னு தினம் சொன்னதெல்லாம் அவளோடதா?"

அரசப்பன் நேராக வலைப்பெட்டிக்குப் போய்த் திரையைப் பார்த்தார். திருட்டு வெளியே தெரிந்துவிடுமோ என்று பயந்து இத்தனை நாள் அவர் அதைத் திறந்ததே இல்லை. 'பங்கு: நான்கு' என்று இருந்தது.

"இங்க மூணு பேரு, அவ ஒருத்தி. மாப்பிள்ளை, மாமனார், மாமியார் மூணு பேரும் வாங்கினா ஏழுன்னு காட்டணும்."

"அப்படின்னா?"

"அவளை அந்த வீட்டுப் பெட்டியிலேருந்து எடுத்துட்டாங்க கனகா. அவளை என்ன செஞ்சாலும் அவங்களுக்கு வலிக்காது."

அவர் சொல்லி முடிக்குமுன் விலாவில் ஓங்கி ஓர் அடி விழுந்தது. சிவநேசன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று பேருக்கும் மூச்சு நின்று வந்தது. அது நாலில் ஒரு பங்குதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

கனகவல்லி மகளுக்குப் போன் போட்டார். மூன்று நாளாக எடுக்கப்படாத போன் இன்றும் எடுக்கப்படவில்லை.

"போலீசுக்குச் சொல்லிடலாம் அண்ணே."

"நமக்கு எப்படித் தெரியும்னு கேப்பாங்க. தடத்தை முதல்ல வெட்டிட்டுத்தான் விசாரணைக்கே போவாங்க. வெட்டினா முழுசும் அவளே வாங்கணும்."

"அப்ப கரூருக்குப் போவோம். நானும் வரேன்."

"வேணாம். வாசலைத் தாண்டினா நம்ம பங்கு போயிடும். நான் ஒருத்தன் போனாலே உங்க ரெண்டு பேருக்கும் அவளுக்கும் கூடும்."

"நீங்க கிளம்புங்க," என்றார் கனகவல்லி, விலாவைப் பிடித்தபடியே. "நாங்க வாங்கிக்கிறோம்."

வாசற்படியைத் தாண்டியதும் வலி பட்டென்று விட்டுப்போனது. அதைப் போல ஒரு பயத்தை அரசப்பன் அனுபவித்ததில்லை. கரூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் கனகவல்லிக்குப் போன் செய்தார்.

"வலிக்குதா?"

"வலிக்குதுங்க. தோள்ல."

அப்பாடா என்றிருந்தது. மனைவிக்கு வலிக்கிறது என்பதற்குச் சந்தோஷப்பட்டதை நினைத்து மனம் கூசியது. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டேதான் இருந்தார்.

குளித்தலை தாண்டும்போது கனகவல்லியே கூப்பிட்டார்.

"நின்னுடுச்சுங்க. ஒண்ணுமே தெரியல."

வலி நிற்க மூன்று காரணங்கள் உண்டு. அடிப்பதை நிறுத்தியிருக்கலாம். தடத்தைக் கண்டுபிடித்து வெட்டியிருக்கலாம். மூன்றாவதைப் பள்ளிக்கூடத்தில் சாதாரணமாகச் சொல்லிவிடுவார். இப்போது நினைக்கக்கூட முடியவில்லை.

"பெட்டில பங்கு என்ன காட்டுது?"

"நம்ம பெட்டில விளக்கு அணைஞ்சு அணைஞ்சு எரியுது, எனக்கு அதெல்லாம் புரியல. நான் காதைக் கிள்ளிட்டே இருக்கேன். இங்கேருந்து வலிச்சா அவளுக்கும் போகும்ல? அப்பா வந்துட்டிருக்காருன்னு இதுல எப்படிங்க சொல்றது?"

"சும்மா கிள்ளு. புரிஞ்சுக்குவா. பதிலுக்குக் கிள்ளினாளா?"

"இன்னும் இல்ல."

கரூருக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அரசப்பன் போனை வலது காதில் வைத்துக்கொண்டு இடது காது மடலைக் கிள்ளினார், இரண்டு தடவை. மறுபடியும் இரண்டு தடவை. வீட்டுக்கு வெளியே அவருடைய வலை அவர் தோலோடு முடிந்துவிடும், யாருக்கும் போய்ச் சேராது. அதைப் பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்தியவர், விரலில் ரத்தம் பிசுபிசுத்த பிறகும் கிள்ளுவதை நிறுத்தவில்லை.