தலைவர் அடைவைத்த முட்டைகள்

படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தொழிலில் முதலாவதை, மூன்று வாரம் கழித்து வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் வீட்டுக் கூடத்தில் நடத்திக் காட்டப்போவதாகக் குடியிருப்போர் சங்கத் தலைவர் லிப்டுக்குள் அறிவிப்பு ஒட்டியிருந்தார். படைக்கும் கருவி ஒரு தெர்மாகோல் பெட்டி. அதற்குள் ஒரு பல்பு, ஒரு குட்டி விசிறி, ஒரு கிண்ணம் தண்ணீர், ஒரு வெப்பமானி, பன்னிரண்டு கோழிமுட்டைகள்.

முதல் கோளாறு ஏழாம் நாள் காலையில் தெரிந்தது. முட்டைகளை அவ்வப்போது புரட்ட வேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் வட்டமும் மறுபக்கம் பெருக்கல் குறியும் பென்சிலால் போட்டிருந்தார். படுக்கப்போகுமுன் பன்னிரண்டையும் வட்டம் மேலே தெரிய வைத்தது அவர் கைதான். இப்போது பன்னிரண்டிலும் பெருக்கல் குறி.

"நீ புரட்டினியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "உங்க பிள்ளைங்க. நீங்களே புரட்டிப் போடுங்க."

தலைவருக்கு வியர்த்தது. காரணம் இருந்தது. பெட்டியில் இருந்தவை அவர் மச்சினன் பண்ணையில் தேடிப் பொறுக்கி வாங்கித் தந்த முட்டைகள் அல்ல. அவற்றை இரண்டாம் நாளே, தன்னைத் தானே வீடியோ எடுத்தபடி தட்டோடு நடந்து, ஒயர் தடுக்கி, தரையில் கொட்டிவிட்டார். மனைவி வெளியே போயிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் தெருமுனைக் கடையில் ஒரு டஜன் வாங்கிக் குறியும் போட்டு அடுக்கினார். கடை முட்டை பொரியாது. மூன்று வாரம் சூட்டில் கிடந்தால் அழுகி வெடிக்கும். அதற்கும் ஒரு முன்னேற்பாடு செய்திருந்தார். பொரியாததற்குச் சாக்கும் தயார்: இருபதாம் நாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, 'கரண்டு போயிடுச்சு, நான் என்ன செய்ய' என்று கையை விரித்துவிடலாம். உண்மை தெரிந்தால் அடுத்த தேர்தலில் தலைவர் நாற்காலி மச்சினனுக்குத்தான். அவன் ஏற்கெனவே அதை அளவெடுப்பதுபோல்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆகவே வாயை மூடிக்கொண்டு புரட்டினார். மனைவி காதில் விழட்டும் என்று ஞாயிற்றுக்கிழமை உரையையும் தினமும் பெட்டிக்கு முன் நின்று ஒத்திகை பார்த்தார். "பெருமக்களே!" என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் விசிறியின் சத்தம் கொஞ்சம் தணிவதுபோல் இருந்தது.

பத்தாம் நாள் மதியம் மனைவி ஒரு முட்டையை எடுத்துக்கொண்டு, அவரையும் சாமான் அறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தி, டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்தாள். பழைய துணியும் நாப்தலினும் மணக்கும் அந்த இருட்டில் முட்டை மெல்ல, உள்ளே யாரோ விளக்கேற்றியதுபோல், செக்கச்செவேலென்று எரிந்தது.

"அடேயப்பா, நரம்பு ஓடுது பாருங்க!"

தலைவர் குனிந்து பார்த்தார். அந்த முட்டைக்குள் வெளிச்சமே போகக்கூடாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். சிவந்த இழைகள் கிளைவிட்டுப் படர்ந்திருந்தன. நடுவில் ஒரு கரும்புள்ளி. புள்ளி மெதுவாக நீந்தியது. வெளிச்சத்தின் பக்கம் போகவில்லை. அவர் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

அன்றிலிருந்து அவர் புரட்டவில்லை. அவை தாமாகவே புரண்டன.

இருபதாம் நாள் வரை பொறுக்க முடியவில்லை. பத்தொன்பதாம் நாள் மாலை, மனைவி மொட்டைமாடியில் துணி எடுக்கப் போன நேரம் பார்த்துப் பிளக்கைப் பிடுங்கினார். பல்பு அணைந்தது. விசிறி நின்றது. நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்து பார்த்தார். பிளக் தரையில் கிடந்தது. பல்பு எரியவில்லை. வெப்பமானியில் இன்னும் அதே முப்பத்தேழரை டிகிரி.

மூடியில் கை வைத்தார். வெதுவெதுப்பு. உடம்புச் சூடு.

உள்ளே சின்னதாக ஒரு கீச்சொலி. பிறகு இன்னொன்று.

மொத்தத்தையும் குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் துணியோடு உள்ளே நுழைந்த மனைவி கீச்சொலி கேட்டு ஓடி வந்தாள், பிளக்கைப் பார்த்து, "இதைக்கூடப் பார்க்க மாட்டீங்களா?" என்று திட்டிக்கொண்டே சொருகினாள். நகரவே இல்லை. பெட்டி பக்கத்திலேயே பாயை விரித்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்து. கூடத்தில் இருபது நாற்காலி, நிற்பவர்கள் தனி. முன்வரிசையில் மச்சினன், கையில் போன்.

"அத்தான், நாலு வார்த்தை பேசுங்க. நாலோட நிறுத்திக்கங்க."

சிரிப்பு. தலைவர் தொண்டையைச் செருமினார்.

"பெருமக்களே..."

கீச்சொலி நின்றது. சட்டென்று. பன்னிரண்டும்.

பிறகு ஒரே நேரத்தில், ஓட்டுக்கு உள்ளிருந்து, டொக்.

"உங்க குரலைக் கண்டுபிடிச்சுட்டுதுங்க!" மனைவி பூரித்துப்போனாள். "தினமும் பேசினீங்கல்ல? அப்பான்னு தெரியுது."

டொக்.

மச்சினன் போனோடு குனிந்தான். "அத்தான், சும்மா சொல்லக்கூடாது. நீங்க ஜெயிச்சுட்டீங்க."

டொக். டொக்.

ஓரத்து முட்டையில் ஒரு சில்லு தெறித்தது. துளை. முதலில் வந்தது அலகு அல்ல. வெள்ளையாக, ரப்பர் போல ஒரு துணுக்கு. உள்ளிருந்து எதுவோ அதைத் தள்ளி வெளியே போட்டது. பிறகு துளையில் ஒரு கண் வந்து பொருந்தியது. வறண்ட கண். மாவு மாவாக உதிரும் மஞ்சள். சுற்றிலும் சாம்பல் பச்சையில் ஒரு வளையம்.

அது கூட்டத்தைப் பார்க்கவில்லை. அவரை மட்டும் பார்த்தது.

எல்லாரும் கைதட்டினார்கள்.

அந்தப் பன்னிரண்டையும் தலைவர்தான், ஓடு விரிசல் விடாமலிருக்க உப்புப் போட்டு, கால் மணி நேரம் அவித்திருந்தார்.