ஒரு காப்ஸ்யூல் நிம்மதி

செல்போன் அடித்தது.

இளம்பரிதி எடுக்கவில்லை.

சுரங்கத்து கேன்டீன். எதிரே இட்லித் தட்டு... இன்னும் கை படவில்லை. போன் மேஜையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது.

எதிரே உட்கார்ந்திருந்த பாவாடை, அவனோடு ஒரே காண்ட்ராக்டரிடம் வேலை செய்கிறவன், நிமிர்ந்து பார்த்தான்.

"போன் அடிச்சிக்கினே இருக்குது. எடுக்க மாட்டியா?"

"எடுக்கறேன்."

"இன்னாத்துக்கு இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு? ஃபேன் கீழதான குந்திக்கினு இருக்க?"

வேர்க்காமல் என்ன செய்யும்? போன் சொல்லப் போகும் சேதி அவனுக்கு முன்பே தெரியும். 'உங்க மனைவி மணிமொழி மயங்கி விழுந்துட்டாங்க... உடனே வாங்க!'

அதற்கான ஏற்பாட்டை நேற்றே முடித்துவிட்டுத்தான் இன்று முதல் ஷிஃப்டுக்கு வந்திருந்தான்!

மணிமொழி பெர்மனென்ட். அவள் அப்பாவின் நிலம் சுரங்கத்துக்குப் போனதில் கிடைத்த வேலை. குவார்ட்டர்ஸ் அவள் பெயரில். மெடிக்கல் கார்டு அவள் பெயரில்.

இளம்பரிதி காண்ட்ராக்ட். கல்யாணத்தன்றும் காண்ட்ராக்ட். இன்றும் காண்ட்ராக்ட்! அவர்கள் பிளாக்கில் யாரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. 'மணிமொழி மேடம் வீட்டுக்காரர்.' அவ்வளவுதான். கேட்கும்போதெல்லாம் அவனுக்கு வயிறு எரியும்.

வேலையில் இருக்கும்போதே அவள் செத்துப்போனால்... வாரிசு வேலை புருஷனுக்கு!

வழியையும் அவளே வைத்திருந்தாள். கல்யாணமான மறு வருஷமே அவளுக்குப் படபடப்பு வந்துவிட்டது. தூக்கம் கிடையாது. சும்மா இருக்கும்போதே அழுகை வரும். யாரோ சொல்லி எல்-தியானின் வாங்க ஆரம்பித்தாள். தேயிலையில் இருக்கிற ஒரு அமினோ அமிலம், மனசை அமைதிப்படுத்துமாம். வருஷக்கணக்காகக் காலை காபியோடு தினம் ஒரு காப்ஸ்யூல்.

நேற்று அந்தப் புட்டியில் ஒன்றே ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் எடுத்தான். அந்த ஒன்றைத் திறந்து உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டு, குறிஞ்சிப்பாடி பூச்சிமருந்துக் கடையில் வயலுக்கென்று சொல்லி வாங்கிய பொடியை அடைத்தான். கை நடுங்கவே இல்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமைகூட!

போனை எடுத்துக் காதில் வைத்தான்.

"ஹலோ..."

"என்னங்க, டிபன் பாக்ஸ வீட்லயே வெச்சிட்டுப் போயிட்டீங்களே."

மணிமொழி!

இவள் எப்படிப் பேசுகிறாள்? காபி குடித்து இத்தனை நேரம் ஆகிறதே!

"லைன்ல இருக்கீங்களா?"

"மணி... மாத்திரை போட்டியா?"

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் ஓசை.

"எதுக்கு இப்ப அழற?"

"இத்தன வருஷத்துல ஒரு நாளாச்சும் இதக் கேட்டிருக்கீங்களா? நேத்து என்னடான்னா பூ வாங்கிட்டு வர்றீங்க, இன்னைக்கு மாத்திரை போட்டியாங்கறீங்க. இனிமே உங்ககிட்ட மறைக்கக் கூடாதுங்க."

"என்ன மறைச்ச?"

"கோவிச்சுக்காதீங்க. நான் அத சாப்பிட்டு ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்புறம் எதுக்கு வாங்கிட்டே இருக்க?"

"யோசிச்சுப் பாத்தேன். நீங்க ஷிஃப்டுக்குப் போயிட்டா எனக்கு ஒண்ணுமே இல்ல. திரும்பி வந்து கத்த ஆரம்பிச்சாதான் நெஞ்சு அடிச்சுக்குது. அப்ப மருந்து யாருக்குக் குடுக்கணும்? அதான்... காப்ஸ்யூல உடைச்சு உங்க காபியில கலந்துட்டு வந்தேன். ரெண்டு வருஷமா நீங்களும் நல்லாத்தான இருக்கீங்க?"

போன் கையிலிருந்து நழுவியது!

இரண்டு வருஷமாக அவன் கத்துவதில்லை. கை ஓங்குவதில்லை. வயசாகி பக்குவம் வந்துவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டிருந்தான். நேற்று நடுங்காத அந்தக் கை... அதுவும் அவள் கலந்து கொடுத்த காபியின் தயவா?

காலையில் அந்த டம்ளரைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தது ஞாபகம் வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் மரத்தன. நாற்காலியோடு சரிந்தான்.

"யோவ்! வண்டிய வரச்சொல்லுங்க!" பாவாடை அலறினான்.

ஆஸ்பத்திரி. டாக்டர் காயத்ரி நாடியைப் பிடித்தபடியே கேட்டார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

"காபி... வெறும் காபி."

கதவைத் தள்ளிக்கொண்டு மணிமொழி ஓடி வந்தாள். பாவாடை போனில் சொன்னதும் ஸ்கூட்டியில் பறந்து வந்திருந்தாள். அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"டாக்டர், எல்லாம் என் தப்பு. இவருக்குத் தெரியாம ஒரு மாத்திரைய ரெண்டு வருஷமா குடுத்துட்டு இருந்தேன். அமினோ அமிலம்தான். நானும் சாப்பிட்டதுதான். இவருக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னை போலீஸ்ல குடுத்துடுங்க."

"அதுக்கு இவ்வளவு பண்ணாதும்மா. வேற ஏதாவது உள்ள போயிருக்கா? தெரிஞ்சாதான் வைத்தியம் பண்ண முடியும்."

இளம்பரிதி கண்ணை மூடினான்.

சொன்னால் ஜெயில். சொல்லாவிட்டால் சுடுகாடு!

பக்கத்தில் அவள் அவனுக்காக அழுதுகொண்டிருந்தாள். அந்த அழுகை அவனை ஒன்றும் செய்யவில்லை. உயிர்பயம்தான் செய்தது.

"டாக்டர்... அந்த காப்ஸ்யூல்ல விஷம்." பொடியின் பெயரைச் சொன்னான். "நான்தான் வெச்சேன். இவளுக்குன்னு வெச்சேன். அவ செத்தா வேலை எனக்கு வரும்னு... மாத்து மருந்து ஏதாவது போடுங்க டாக்டர், சீக்கிரம்!"

கூடவே வந்து கட்டிலோரம் நின்றிருந்த பாவாடை வாயைப் பொத்திக்கொண்டான்.

மணிமொழியின் பிடி மெல்லத் தளர்ந்தது. கையை விலக்கிப் புடவையில் துடைத்துக்கொண்டாள். டாக்டரிடம் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்தாள்.

உள்ளே... அந்த ஒரு காப்ஸ்யூல்!

"இன்னைக்கு நான் கலக்கல." குரல் வறண்டிருந்தது. "நேத்து பூ வாங்கிட்டு வந்தாரு. சிரிச்சிப் பேசினாரு. மனுஷன் திருந்திட்டான், இனிமே எதுக்கு மருந்துன்னு வெறும் காபிதான் குடுத்தேன்."

நர்ஸ் ஈசிஜி தாளை நீட்டினாள். டாக்டர் பார்த்துவிட்டு மடித்து வைத்தார்.

"இவருக்கு ஒண்ணும் இல்ல. நாடி கொஞ்சம் வேகம், அவ்வளவுதான். விஷத்துக்கான அறிகுறி எதுவுமே இல்ல. இது வெறும் பதட்டம்."

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் சங்கரலிங்கம் வந்தார். புட்டியைக் கைக்குட்டையால் வாங்கி உறையில் போட்டார். கட்டிலில் குறுகி உட்கார்ந்திருந்த இளம்பரிதியை ஏற இறங்கப் பார்த்தார்.

"நாலு நாள் வெச்சி விசாரிச்சாலும் சிலபேர் வாயத் திறக்க மாட்டானுங்க. இவரு நாங்க வர்றதுக்குள்ளயே எல்லாத்தையும் சொல்லிட்டாரே. எப்படிம்மா?"

மணிமொழி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு வேளை மருந்த நிறுத்தினதுக்கே உண்மை வெளிய வந்துடுச்சு சார். ரெண்டு வருஷக் காசத்தான் வீணாக்கிட்டேன்."