வெள்ளிக்கிழமைத் தட்டு

"ஐயோ... பொணம்!"

கொழுந்து பறிக்கப் போன அன்னக்கிளி போட்ட கூச்சலில் மஞ்சூர் எஸ்டேட்டே கூடிவிட்டது. தேயிலைச் செடிக்கு அடியில் லேப் டைரக்டர் தனசிங். மண்டை பிளந்திருந்தது!

அது சனிக்கிழமை. செத்தது முந்தின நாள் மதியம் என்றது போஸ்ட்மார்ட்டம்.

இன்று புதன். குன்னூரில் தனசிங் நடத்திய மண் ஆராய்ச்சி லேபில், ஆராய்ச்சி மாணவி கெஸியாவை இன்ஸ்பெக்டர் பழனியாண்டி குடைந்துகொண்டிருந்தார்.

"வியாழக்கிழமை டைரக்டர்கூட சண்டையாமுங்க?"

"என் கண்டுபிடிப்பை யாரோ கம்பெனிக்கு வித்துட்டாங்க சார். விசாரிங்கன்னு கத்தினேன்..."

"வெள்ளி மதியம் எங்கிருந்தீங்க?"

"ரூம்ல. காய்ச்சல்."

சாட்சிக்குப் பாதி தீர்ந்த பாராசிட்டமால் அட்டைதான்!

பக்கத்தில் அவளுடைய கைடு, டாக்டர் விஜயன். மைக்ராஸ்கோப்பைத் தொட்டு ஏழு வருஷமாயிற்று. ஆனால் எந்த மாணவர் எதை எழுதினாலும் முதல் பெயர் அவருடையதுதான்!

"நான் வெள்ளிக்கிழமை பூரா இங்கதான் இருந்தேன்!" கண்ணாடித் தட்டை நீட்டினார். மூடியில் வெள்ளிக்கிழமை தேதி, அவர் கையெழுத்தில். "அன்னைக்கு மதியம் நானே தடவின மண் கிருமி. மருந்து சுரந்தா நீலமாகும். அதுக்கு அஞ்சு நாள் வேணும். பாருங்க... நீலம்!"

இன்ஸ்பெக்டர் கெஸியா பக்கம் திரும்பினார். "அப்ப நீங்க ஜீப்ல ஏறுங்கம்மா."

கெஸியா தட்டைப் பார்த்தாள். கிருமியைத் தடவியிருந்த கோடுகள் அவள் கை இழுத்தவை.

அடப்பாவி... கொலைக்கும் என் உழைப்புதானா?

"சார், அது என் தட்டு!"

"உளறாதே!"

"கிருமிக்குள்ள ரெண்டு புரதம் இருக்கு சார். ஒண்ணு 'வளரு, மருந்து செய்'னு உத்தரவு போடும். இன்னொண்ணு அதோட கையைப் புடிச்சு நிறுத்தி வைக்கும். அஞ்சு நாள் கழிச்சுத்தான் விடும். நான் அந்தப் புடிக்கிறதை வெட்டி எடுத்துட்டேன். என் கிருமி ரெண்டே நாள்ல நீலமாயிடும்!"

கிருமி வளர்க்கும் இன்குபேட்டர் பெட்டியைத் திறந்தாள்.

"இது நான் வெள்ளிக்கிழமை காலைல தடவினது. நீலத்தையும் தாண்டி சாம்பல் பூத்துடுச்சு. பக்கத்துல திங்கட்கிழமை தடவி வெச்ச தட்டு... காணோம்! நான் மூடியில நம்பர்தான் போடுவேன், தேதி இல்ல; அந்த மூடியை மாத்திட்டாங்க!"

விஜயன் முகம் வெளுத்தது.

"வெட்டினியா? எங்கிட்டச் சொல்லவே இல்லையே!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"தீசிஸ்ல நாப்பதாம் பக்கம் சார். 'முழுவதும் படித்தேன்'னு நீங்கதான் கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

சாயங்காலத்துக்குள் ஸ்டேஷனில் எல்லாவற்றையும் கக்கினார். விற்றது அவர். டைரக்டர் அதைக் கண்டுபிடித்தவுடன், மண் எடுக்கலாம் வாங்க என்று மஞ்சூருக்குக் கூட்டிப்போய் மண்டையில் அடித்ததும் அவரே!

சாட்சி சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்த கெஸியா பார்த்துக்கொண்டே இருந்தாள். பழனியாண்டி வாக்குமூலத்தை நீட்டினார். பத்துப் பக்கம். விஜயன் பழக்கதோஷத்தில் நேரே கடைசிப் பக்கத்தைப் புரட்டி, பேனாவைத் திறந்தார்.

"ஏனுங்க டாக்டர்... இதையாவது படிச்சுட்டுப் போடுங்க!"