அமலி: தாளம் சீர்

காலை ஐந்து ஐம்பதுக்குக் கைப்பட்டை அதிர்ந்தது. நான் எழும் நேரம். தண்ணீர் குடித்தேன். ஆறு பத்துக்கு இரண்டாவது அதிர்வு: ‘உங்கள் மனைவி அமலி விழித்துவிட்டார். தாளம் சீர்.’

அமலியைப் புதைத்துப் பதினோரு நாள். அவளுடைய பட்டை அலமாரியில் கிடக்கிறது.

அவள் இறப்பைப் பதியச் சொல்லி மூன்றாவது முறையாக உடல்தாள அலுவலகத்துக்குப் போனேன். ஊரில் எல்லாருடைய நாடித்துடிப்பையும் உடல்சூட்டையும் தூக்கத்தையும் அங்கேதான் நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலையோடு பொருத்திப் பார்க்கிறார்கள். பொருந்தினால் நலம். பொருந்தாவிட்டால்தான் ஆம்புலன்ஸ் கிளம்பும்.

அலுவலர் சுடலைமுத்து திரையை என் பக்கம் திருப்பினார்.

“டாக்டர் சீட்டு மட்டும் போதாது தம்பி. தாளமும் நிக்கணும். உங்க வீட்டம்மாவுக்கு நிக்கலயே. பி மதிப்பப் பாருங்க, புள்ளிக்குப் பின்னால எத்தனை சைபர்! தற்செயலா அலை இப்படிப் பொருந்தவே பொருந்தாது.”

கல்லூரியில் நான் படித்தது புள்ளியியல். உயிரோடு இருந்தபோது அவளுக்கு இவ்வளவு சுத்தமான தாளம் இருந்ததில்லை. நினைத்தபோது தூங்குவாள்.

“பட்டையில இருந்து வந்ததை மட்டும் காட்டுங்க. விட்டுப்போன இடத்துல நீங்க நிரப்பினது வேண்டாம்.”

“அது எதுக்கு இப்போ?”

“காட்டும்வே.”

காட்டினார். அவள் இறந்த செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு இருபதுக்கு அவள் துடிப்பு தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது. மென்பொருள் அதை இரைச்சல் என்று வெட்டியிருந்தது. ஒன்று ஐந்துக்குப் பிறகு எதுவுமே இல்லை. வெட்டிய இடத்திலும் வெற்றிடத்திலும் அவளுடைய பழைய அலையை வைத்து நிரப்பியிருந்தது. நிரப்பியதையே மறுநாள் சோதித்து, பொருந்துகிறது என்றது. பதினோரு நாளாக அதே வேலை.

“முக்கா மணி நேரம் துடிச்சிருக்கா.”

“விட்டுப்போனத நிரப்பித்தான ஆகணும் தம்பி? குளிக்கப் பட்டையக் கழத்துறவன் எல்லாம் செத்தவன்னா, ஊருக்கு ஆம்புலன்ஸ் காணாது.”

அன்று பன்னிரண்டு நாற்பதுக்கு, துறைமுகத்தில் வேலையில் இருந்தபடி அவளைப் போனில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பட்டையைப் பார்த்தேன். தாளம் சீர். சாப்பிடப் போய்விட்டேன்.

என் பட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன்.

“என்ன தம்பி இது?”

“இனி நான் எங்க கிடந்தாலும் அஞ்சு அம்பதுக்கு எந்திரிச்சிருவேன். பாத்துக்கிடும்.”

அவர் பதறித் திரையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் பெயர் பச்சையாகவே இருந்தது: தாளம் சீர்.