ருஃபோ மறக்காத வைத்தியம்

உதட்டோரம் சோற்றுப் பருக்கை ஒட்டியிருக்க, காலித் தட்டைப் பார்த்தபடி, "இன்னிக்குச் சோறு கிடையாதா?" என்று ருஃபோ கேட்டான். அவன் மனைவி நெனிதா சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

"இப்பத்தானே முழுக் கருவாட்டையும் முடிச்சே?"

"யாரு, நானா?"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்தே இப்படித்தான். கடலடியில் மீன் விரட்டிக்கொண்டிருந்தபோது படகிலிருந்து காற்றடிக்கும் கம்ப்ரஸர் நின்றுவிட்டது. அவன் வாயிலிருந்த காற்றுக் குழாய் வெறும் குழாயானது. மேலே இழுத்துப் போட்டபோது கைகால் மரத்துக் கிடந்தான். ஆழத்துக்குப் போய் வருகிறவர்களுக்கு வரும் வாதம் என்று கூட்டாளிகள் நினைத்துவிட்டார்கள். அதற்கு அவர்களிடம் ஒரே வைத்தியம்: மரத்தவனை மறுபடி கீழே இறக்கு. குழாயை வாயோடு கட்டி, முதுகைத் தடவிக் கொடுத்து இறக்கினார்கள். மூச்சே விடாதவனை.

"ரத்தமும் காத்தும் போகலைன்னா மூளை காத்திருக்காதும்மா" என்றார் டாக்டர். "ஞாபகம் போயிடும். கை பழகின வேலை மட்டும் நிக்கும்."

மதியம் படகுக்காரர் சிக்தோ மீனோடு வந்தார். "ஆளு கல்லு மாதிரி இருக்கான்! மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கியே, தங்கச்சி? உயிரோடதானே குடுத்தோம்?"

"உயிரக் குடுத்தீங்க, அண்ணே. புருஷன எங்க வெச்சீங்க?"

அவர் மீனை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

கடல் ஏறி வந்து, மரக்கால்கள் மேல் நின்ற வீட்டின் மூங்கில் தரைக்கடியில் களக் களக்கென்று நக்கிக்கொண்டிருக்க, சேற்று வாடையும் டீசல் வாடையும், தூணில் சுருட்டி மாட்டியிருந்த பழைய குழாயின் புளித்த ரப்பர் வாடையும் அடுக்களை வரை வர, நெனிதா செதில் சீவிக்கொண்டிருந்தாள். உள்ளே ருஃபோவின் பக்கத்தில் மகள் லிலெத் சிப்பி கோத்துக்கொண்டிருந்தாள். காலையில்தான் ருஃபோ அவளைக் காட்டி, "இது யார் வீட்டுப் புள்ள?" என்று கேட்டிருந்தான்.

"அப்பா, உக்காந்து உக்காந்து கால் மரத்துப்போச்சு."

"பயப்படாதடா கண்ணு. அப்பா சரி பண்றேன்."

அப்பா!

அவனுடைய பழைய குரல். நெனிதாவின் கத்தி நின்றது. உள்ளே போனால் கலைந்துவிடுமோ என்று பயந்தாள். செதில் ஒட்டிய கையோடு, கண்ணை மூடி, அங்கேயே நின்றாள். எத்தனை நாள் கழித்து! நின்றுகொண்டே இருந்தாள்.

ஏதோ தண்ணீரில் இறங்கும் ஓசை.

கால் மரத்துப்போச்சு.

ஓடினாள். அறை காலி. சிப்பிகள் சிதறிக் கிடந்தன. தூணில் குழாய் இல்லை.

"லிலெத்!"

குப்புற விழுந்து மூங்கில் இடுக்கில் கண்ணை வைத்தாள்.

பச்சைத் தண்ணீர். அடியில், வீட்டுக்காலில் சாய்ந்து ருஃபோ. மடியில் குழந்தை. அவள் வாயில் கட்டிய குழாய். அதன் மறுமுனை எதிலும் மாட்டாமல், அலையில் ஆடியது.

அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். மெதுவாக. ஆசையாக. அவனிடமிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை.

நிமிர்ந்து நெனிதாவைப் பார்த்தான். சிரித்தான்.

உள்ளங்கையை விரித்துக் காட்டினான். பொறு.