கங்கம்மாளின் டி.சி.

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை. சித்தூர் மாவட்டம் பாலசமுத்திரம் மண்டலம் முள்ளுமிட்டா அரசு டிகிரி காலேஜில், பி.ஏ. வரலாறு முதலாண்டில் பதிவானவர்கள் பதினைந்து பேர். வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பதினான்கு பேர்.

ஒப்பந்த விரிவுரையாளர் ரோஹிணி வருகைப் பதிவை வாசித்தாள். வராந்தாவில் பிரின்சிபால் நின்றதால் கடைசிப் பெயரையும் விடாமல் கூப்பிட்டாள்.

“கங்கம்மாள்.”

“பிரசென்ட், மேடம்.”

பின்பெஞ்சிலிருந்து வந்தது குரல். அங்கே யாரும் இல்லை. யாரோ குறும்பு பண்ணுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பதினைந்தில் ஒன்று குறைந்தாலும் பிரிவை மூடிவிடுவார்கள். அவள் வேலை போகும். வகுப்பில் இருந்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேரைச் சித்தூருக்கு அனுப்பிப் படிக்கவைக்க வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். அதற்காகத்தான் மே மாத வெயிலில் வீடுவீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தாள். சேர்கிறேன் என்ற பிள்ளை மனம் மாறி வேறெங்கும் போய்விடாதபடி அசல் டி.சி.யைக் கையோடு வாங்கிவந்து பீரோவில் பூட்டிவிடுவது அங்கே எல்லா விரிவுரையாளர்களும் செய்வது. கங்கம்மாளுடையதும் அப்படி வந்ததுதான். ஆகஸ்டில் அந்தப் பெண் இரண்டு முறை தேடி வந்தாள். திருப்பதியில் நர்சிங் சீட் கிடைத்திருந்தது.

“டி.சி. குடுத்துடுங்க மேடம். வெள்ளிக்கெழம கடைசி நாளு.”

“பிரின்சிபால் ஊர்ல இல்லம்மா. அடுத்த வாரம் வா.”

பிரின்சிபால் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

செவ்வாய்க்கிழமை, பெயரைச் சொல்லும்போது ரோஹிணி தலையை நிமிர்த்தி எல்லா முகங்களையும் பார்த்தாள். பதினான்கு வாய்களும் மூடியிருந்தன. குரல் வந்தது. முதல் நாளைவிடச் சற்று அருகில்.

அந்த வருடம் மழை பொய்த்து, காலேஜ் போர் வற்றி, குடிக்கக்கூட டேங்கர் வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே செம்மண்ணும் வேலமுள்ளும் பாறையும் காலை பத்து மணிக்கே கொதித்தன. ஆனாலும் அந்த அறைக்குள் பாசி படிந்து நாள்பட்டுத் தேங்கிய தண்ணீரின் வாடை, ஃபேன் சுற்றச்சுற்ற, மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே வந்தது.

“தள்ளி உக்காருடி, எம்மேல இடிச்சிக்கினு” என்றாள் அக்ஷயா.

“நான் எங்கடி இடிச்சேன்? நான் உன் வலது பக்கம் கீறேன்” என்றாள் உதயா.

அக்ஷயா மெதுவாக இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். எழுந்து முன்பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

“வராதவளுக்கு அட்டெண்டன்ஸ் ஃபுல்லு, எனக்குத்தான் ஷார்ட்டேஜு” என்றான் பவன்குமார். யாரும் சிரிக்கவில்லை.

மதியம் ரோஹிணி அட்டெண்டர் வீராசாமியிடம் கங்கம்மாளைப் பற்றிக் கேட்டாள்.

“உங்களுக்குத் தெரியாதா மேடம்? கல்குவாரி குட்டையில வுயுந்துடுச்சி. மூணு வாரம் ஆவுது. கால் தவறிடுச்சின்னு அவங்க நைனா சொல்றாரு. நர்ஸ் சீட்டு போச்சேன்னு ரெண்டு நாளா அயுதுக்கினே இருந்துச்சாம்.”

“எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே.”

“நீங்கதான் நேத்தும் இன்னிக்கும் அது பேரக் கூப்புட்டீங்களே. தெரிஞ்சேதான் கூப்புடறீங்கன்னு நெனச்சோம்.”

வியாழக்கிழமை மாலை, எல்லோரும் போன பிறகு, பதிவேட்டைத் திறந்து பேனாவை அந்தப் பெயர்மேல் வைத்தாள். ஒரே கோடு. அடித்துவிட்டால் பதினான்கு. பீரோவுக்குள் காகிதம் சரசரத்தது. யாரோ ஒவ்வொரு ஃபைலாகத் தள்ளித் தள்ளித் தேடுவதுபோல. பேனாவை மூடினாள். பெயரை அடிக்கவில்லை. பீரோவையும் திறக்கவில்லை.

மறுநாள் திருப்பதியிலிருந்து ஆய்வு அதிகாரி வேங்கடாசலம் வந்தார். பதிவேட்டில் விரலை வைத்தபடி அவள் பக்கத்திலேயே நின்றார்.

பதினான்கு பெயர்கள். பதினான்கு பதில்கள்.

“இன்னொரு பேர் இருக்கே மேடம்.”

ரோஹிணி கடைசிப் பெயரைப் படித்தாள்.

“கங்கம்மாள்.”

பதில் இல்லை.

ரோஹிணிக்கு மூச்சு வந்தது. ஒரு மூச்சுதான்.

பின்பெஞ்சு நகர்ந்தது. சிமெண்டுத் தரையில் ஈரக்கால். ஒன்று. இன்னொன்று. பிள்ளைகள் குனிந்துகொண்டார்கள். முதல் வரிசையைத் தாண்டி வந்தது. மேடையில் ஏறியது. அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது. வாடை. கழுத்தில் ஒரு சொட்டு.

வேங்கடாசலம் தலைகளை எண்ணிக்கொண்டே வந்தார். பதினான்கு. பிறகு அவர் விரல் ரோஹிணியின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

“பதினைந்து. சரி.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “என்னம்மா, மேடம்கிட்ட கையை நீட்டிக்கிட்டு நிக்கிறே? முதல்ல போய்த் தலையைத் துவட்டு.”

அக்டோபர் 4 அன்று ஆணை வந்தது. பிரிவு மூன்று ஆண்டுகளுக்குத் தொடரும். ரோஹிணியின் ஒப்பந்தமும் அதுவரை நீட்டிக்கப்பட்டது. மாணவர்கள் பதினைந்து. வருகை பதினைந்து.