கறுப்புக் கண்ணாடி போட்ட டோர்ச்

கறுப்புக் கண்ணாடியைப் பொருத்திச் சுவிட்சை அழுத்தியபோது டோர்ச் எரியவில்லை என்றுதான் சுலக்ஷனா நினைத்தாள். பிறகுதான் கண்டாள், சுவர் மினுங்கிக்கொண்டிருந்தது.

முழுச் சுவரும் இல்லை. அந்த மூலையில் மட்டும், தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை, பால் கலந்த நீலத்தில் ஒரு பெரிய திட்டு. துணி துவைக்கும் சவுக்காரத் தூள் பட்ட இடம்தான் இந்தப் புற ஊதா வெளிச்சத்தில் அப்படி மினுங்கும். அவள் போட்டிருந்த வெள்ளைக் கோட்டும் அதே நீலத்தில் மினுங்கியது. கோட்டு சரி, நேற்றுப் பீலித் தண்ணீரில் சவுக்காரத் தூள் போட்டுத் துவைத்தது. தேயிலைப் பெக்டரிச் சுவரில் சவுக்காரத் தூளுக்கு என்ன வேலை?

தேயிலை பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அதனால் இந்தப் பெக்டரியில் வெறும் தண்ணீரால்தான் கழுவ வேண்டும். தலையில் பூ வைத்து வந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் திட்டி, பூவைக் குப்பையில் போடவைத்து அழவைத்த மனிதர், பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் கணேசமூர்த்தி. அவருக்குத் தெரியாமல் ஒரு பிடி சவுக்காரத் தூள்கூட இந்த வாசலைத் தாண்டாது.

அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. மெஷின்கள் நின்றிருந்தன. கொழுந்து வாடவைக்கும் மேல் மாடியின் ஜன்னல்களில் சாக்கை மாட்டிப் பட்டப்பகலை அவளே இருட்டாக்கியிருந்தாள். சாக்கின் இடுக்கில் மூடுபனியின் ஈரம் கசிந்தது. காய்ந்த கொழுந்தின் புளித்த வாசம், பழைய பலகையின் வாசம், அதற்கு அடியில், இப்போது கவனித்ததால் மட்டும் தெரிகிற, மெல்லிய சவுக்கார வாசம். கீழே எங்கோ தகரம் ஒன்று காற்றில் தட்டிக்கொண்டே இருந்தது.

திங்கட்கிழமை தரச் சான்றிதழ்க்காரர்கள் வருகிறார்கள். எலி மூத்திரம் எங்கே இருக்கிறதென்று யூவி டோர்ச் அடித்துத் தேடுவது தர உதவியாளரான அவளுடைய வேலை. பெக்டரி கொடுத்த டோர்ச் வெறும் ஊதாவாகக் கொட்டியது. சுவரும் ஊதா, தரையும் ஊதா, அதில் என்ன மினுங்கினாலும் அமுங்கிப்போகும். அந்த ஊதாவைத் தடுத்து, கண்ணுக்குத் தெரியாத ஒளியை மட்டும் வெளியே விடுகிற கறுப்புக் கண்ணாடியை ஹட்டனில் ஒரு கடையில் சொல்லிவைத்து வாங்கினாள். முன் வளையத்தைத் திருகி, பழைய கண்ணாடியை எடுத்து, நாணயம் அளவு கறுப்பு வட்டத்தை வைத்து, ரப்பர் வளையத்தை அழுத்தி மூடினாள். அவ்வளவுதான்.

"நல்லாத்தானே எரியுது, இன்னும் என்ன கண்ணாடி?" என்று கணேசமூர்த்தி காலையில் எரிந்து விழுந்தார். "மேல் மாடிய விடு புள்ள. அத நான் பாத்துட்டேன்."

விடச் சொன்னதால்தான் வந்தாள். அக்கா சர்மிளா கடைசியாக வேலை செய்தது இந்த மாடியில்.

அக்கா காணாமல் போய் ஏழு மாதம். லொறிக்காரன் ஒருவனோடு ஓடிப்போய்விட்டாள் என்று முதலில் சொன்னவர் இந்தக் கணேசமூர்த்தி. தோட்டம் முழுக்க அதையே திருப்பிச் சொன்னது. பொலிஸில் முறைப்பாட்டை எழுதக்கூட இல்லை. ஓடிப்போகிறவள் அடையாள அட்டையைப் பிஸ்கட் டின்னில் விட்டுவிட்டா போவாள்? யார் கேட்டார்கள்? ஓடிப்போனவளின் அம்மா என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி அம்மா இப்போது கோயில் பக்கமே போவதில்லை. ச்சீ, என்ன ஜனங்கள்! அக்கா எங்கே என்று தெரிந்தால் போதும். அந்த ஒரு வார்த்தையை எல்லோர் வாயிலும் திருப்பித் திணிக்க வேண்டும்.

அவள் நெருங்கிப் போனாள். நீலத் திட்டுக்குள் கறுப்பாக ஏதோ இருந்தது.

கைகள்.

நான்கு கைத்தடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, தவழ்ந்துபோகிற ஒருவர் சுவரைப் பிடித்துப் பிடித்துப் போன உயரத்தில். இரத்தம் இந்த ஒளியை விழுங்கிவிடும், கறுப்பாகத்தான் தெரியும் என்று பயிற்சி வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எல்லாமே இடது கை. எல்லாவற்றிலும் நடுவிரல் பாதி.

லயத்து வீட்டுக் கதவில் நசுங்கிய விரல். அக்காவுக்கு அப்போது ஒன்பது வயது. கதவை அடித்துச் சாத்தியவள் சுலக்ஷனா.

தடங்கள் மூலையில் இருந்த பலகை மூடிவரை போயிருந்தன. அந்தக் காலத்தில் அடுப்பின் சூட்டை மாடிக்கு ஏற்றிய குழிக்கு அது மூடி. பல வருடமாக யாரும் திறக்காத மூடியைச் சுற்றிச் சிமெந்து மட்டும் புதிதாக இருந்தது.

"அடப்பாவி" என்றாள், சத்தமாக. "அடப்பாவி, அடப்பாவி."

போனை எடுத்து அதன் வெளிச்சத்தை அடித்தாள். சாதாரண சுண்ணாம்புச் சுவர், ஒன்றுமே இல்லை. போனை அணைத்துவிட்டு மறுபடி டோர்ச்சைப் பிடித்தாள்.

ஐந்து கைத்தடங்கள்.

ஐந்தாவது மூடியின் பக்கம் இல்லை. திட்டின் இந்த ஓரத்தில், அவளுக்குக் கிட்ட, விரல்கள் அவளைப் பார்த்தபடி. அதற்கு இந்தப் பக்கம் மினுங்குகிற இடம் எதுவும் இல்லை, அவளுடைய கோட்டைத் தவிர.

தகரம் தட்டுவது நின்றது. மாடிப்படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது.

"யாரு மேல? சுலக்ஷனாவா?"

"ஆமாங்க ஐயா."

கணேசமூர்த்தி வந்தார். முகம் தெரியவில்லை. வெள்ளைக் கோட்டு மட்டும் நீலமாக மினுங்கிக்கொண்டு வந்தது.

"இருட்டுல என்ன புள்ள பண்ற? டோர்ச் எரியலையா?"

"எரியுதுங்க ஐயா." அவர் கண்ணுக்கு அது எரியவில்லைதான். "இந்தச் சுவத்த சவுக்காரத் தூள் போட்டுக் கழுவுனது யாருங்க?"

அவர் பின்னால் கையை விட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போட்டார்.

"வாசல்ல காவலுக்கு இருந்த வாச்சர் செல்லசாமிய வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றார், சாவகாசமாக. "ஒங்கக்காவும் இப்படித்தான். எதுக்கெடுத்தாலும் கேள்வி."

சுலக்ஷனாவின் கை நடுங்கியது. பயம். பயத்தைவிடக் கோபம். ஒளி அவர் மேல் தாறுமாறாக ஆடியது.

"எங்கக்கா ஓடிப்போகல. ஒங்க வாயால சொல்லுங்க. ஒரே ஒரு தடவ சொல்லுங்க!"

அவர் சிரித்தார். இருட்டில் பற்கள் மட்டும் பச்சை கலந்த வெள்ளையாய் வரிசையாகத் தெரிந்தன.

"ஓடுனவதான். தோட்டமே சொல்லுது."

அவளுடைய மணிக்கட்டில் சில்லென்றது. குனிந்து பார்த்தாள். கோட்டின் கைவிளிம்பில் கறுப்பாக விரல்கள். இடது கை. நடுவிரல் பாதி.

நடுக்கம் நின்றுவிட்டது. யாரோ தாங்கிப் பிடித்ததுபோல ஒளி அவர் மேல் ஆடாமல் நின்றது.

அவர் ஓரடி வைத்தார். கோட்டின் கீழ் மடிப்பில் ஒரு கை பதிந்தது. இன்னோர் அடி. சட்டைப்பைக்குமேல் ஒரு கை. ஏறுகிறது. வயிறு. நெஞ்சு. அவர் குனிந்து பார்க்கவில்லை. பார்த்தாலும் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ.

"என்ன இப்படிக் குளிருது?" என்றார்.

சொல்லியிருக்கலாம். ஐயா, கழுத்துக்கிட்ட வந்துட்டா, ஓடுங்க என்று சொல்லியிருக்கலாம்.

சுலக்ஷனா சொல்லவில்லை.

"என்ன புள்ள அப்படிப் பாக்குற? நீயும் ஓடிப்போயிட்டன்னு நாளைக்கு நான்..."

சிரிப்பு இன்னும் இருந்தது. அந்தப் பல்வரிசையின் மேல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, நான்கரை விரல் கறுப்பு மெதுவாக மூடியது.